பிளக் வாங்கப் போறீங்களா? முதல்ல நம்பரைப் பாருங்க

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எஸ்யூவி வைத்திருந்தவரிடம் ஸ்பார்க் பிளக் பற்றிப் பேசியிருந்தால் சிரித்திருப்பார். பொலேரோ, ஸ்கார்பியோ, சுமோ, சஃபாரி என்று நம் ஊரில் ஓடியவை பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினில் பொறிக்கு வேலையே கிடையாது. காற்றை நெருக்குகிற நெருக்கில் ஏறும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது குளோ பிளக். குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்குச் சூடேற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் கதை மாறியது. மாருதி டீசலையே கைகழுவியது. அதுவரை டீசலில் மட்டும் வந்துகொண்டிருந்த பிரெஸ்ஸா பெட்ரோலுக்கு மாறியது. வென்யூ, நெக்ஸான், க்ரெட்டா, எக்ஸ்யூவி300 என்று தெருவுக்கு நாலு பெட்ரோல் எஸ்யூவி நிற்க ஆரம்பித்தன. அந்த வண்டிகளெல்லாம் இப்போது நாற்பதாயிரம், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டன. சர்வீஸ் எஸ்டிமேட்டில் ‘பிளக் சேஞ்ச்’ என்று புதிதாக ஒரு வரி முளைக்கிறது. உடனே எனக்கு வாட்ஸ்அப்.

சித்தப்பா பையன் அனுப்பியது ஒரு ஆன்லைன் கடை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். இரிடியம் பிளக். பவர் கூடுமாம், மைலேஜ் கூடுமாம், பிக்-அப் பறக்குமாம். கீழே அவன் கேள்வி: “அண்ணா, இதைப் போட்டுடலாமா? கம்பெனிக்காரன் சாதா பிளக்தான் போட்டு வச்சிருக்கான்.”

“உன் வண்டியில இப்ப இருக்கிற பிளக்கோட நம்பர் என்னடா?” என்றேன். பதில் இல்லை. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. எல்லோருக்கும் பிராண்டு தெரியும், உலோகம் தெரியும், ஆஃபர் விலை தெரியும். நம்பர் மட்டும் தெரியாது. பிளக் விஷயத்தில் முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

விளம்பரத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் பவர் தராது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைச் சரியான நேரத்தில் பற்ற வைப்பது மட்டுமே அதன் வேலை. தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால் வண்டி துள்ளுவதுபோல் தெரியும், உண்மைதான். அது இழந்ததைத் திரும்பப் பெற்றது. புதிய சாதா பிளக் போட்டிருந்தாலும் அதே துள்ளல்தான் கிடைத்திருக்கும்.

சரி, நம்பர் எங்கே இருக்கும்? வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில், இன்ஜின் ஆயில் கிரேடு, டயர் காற்று எல்லாம் போட்டிருக்கும் அட்டவணையில் பாருங்கள். அதில் இல்லையென்றால், கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலேயே அச்சடித்திருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் பழைய பிளக்கை மட்டும் நம்பாதீர்கள். முந்தின ஓனர் என்ன போட்டாரோ, யார் கண்டது? சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் பார்ட் நம்பர் எடுத்துக் கொடுப்பார்கள்.

“பிரெஸ்ஸாவுக்கு ஒரு செட் பிளக் குடுங்க” என்று கடையில் கேட்பது போதாது. 2020 பிரெஸ்ஸாவின் இன்ஜின் வேறு, 2022-ல் வந்த டூயல்ஜெட் இன்ஜின் வேறு. வென்யூவில் 1.2 லிட்டர் சாதா இன்ஜினுக்கு நாலு சிலிண்டர், 1.0 லிட்டர் டர்போவுக்கு மூன்று. நெக்ஸான் பெட்ரோலுக்கும் மூன்றுதான். அதாவது மூன்று பிளக் போதும், ஆனால் நாலு பிளக் செட்டாக உங்கள் தலையில் கட்டுவார்கள். எதிர்த்திசையிலும் உண்டு. ஜீப் கிராண்ட் செரோக்கியில் வந்த 5.7 லிட்டர் ஹெமி வி8 இன்ஜினுக்கு எட்டு சிலிண்டர், பதினாறு பிளக்! அந்த வண்டி வைத்திருப்பவர் விலை பற்றிக் கவலைப்படப் போவதில்லை, விடுங்கள்.

இனி நம்பரைப் பிரித்துப் படிக்கலாம். என்.ஜி.கே. பெட்டியில் பி.கே.ஆர்.6.இ-11 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ. ‘கே’ என்றால் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது இல்லாத பிளக்கைப் போட்டால் பொறியின் மின் இரைச்சல் ரேடியோவிலும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு-விலும் புகுந்து தொல்லை பண்ணும். 6 என்பது ஹீட் ரேஞ்ச். ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11 என்பது முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதாவது கேப், 1.1 மி.மீ. ஒரு பிளக்கின் மொத்த ஜாதகமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? டென்சோவில் எஸ்கே20ஆர்11 என்று ஒரு பிளக். எஸ்கே20எச்ஆர்11 என்று இன்னொன்று. இரண்டும் இரிடியம், இரண்டும் 14 மி.மீ. மரை, இரண்டுக்கும் ஒரே ஸ்பேனர், ஒரே ஹீட் ரேஞ்ச், ஒரே கேப். நடுவில் அந்த ‘எச்’ மட்டும் கூடுதல். அதற்கு அர்த்தம், மரையின் நீளம் 19 அல்ல, 26.5 மி.மீ. என்பது. ஏழரை மில்லிமீட்டர் வித்தியாசம். நீளம் கூடியதைக் குட்டை மரை இன்ஜினில் முடுக்கினால் முனை எரியறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். பிஸ்டனோ வால்வோ வந்து இடித்தால் இன்ஜின் இறக்க வேண்டியதுதான். குட்டையை நீள மரையில் போட்டாலும் சுகமில்லை. பொறி குழிக்குள் அடிக்கும், காலியாகக் கிடக்கும் மரையில் கார்பன் படியும், பிறகு சரியான பிளக் வாங்கி வந்தாலும் உள்ளே ஏறாது. கவுண்டரில் இரண்டையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெட்டியைத் திறந்து பழைய பிளக்கைப் பக்கத்தில் வைத்து மரையை ஒப்பிட அரை நிமிஷம்கூட ஆகாது.

ஹீட் ரேஞ்ச் பற்றி அடிக்கடி வரும் கேள்வி, “சென்னை வெயிலுக்கு கோல்டு பிளக் போட்டா நல்லதுங்களா?” என்பது. ஊர் வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எரியறைக்குள் வாங்கிய சூட்டை பிளக் எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. சீக்கிரம் கடத்தினால் கோல்டு, மெதுவாகக் கடத்தினால் ஹாட். முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிகிற கார்பனைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 800, 900 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்த முனையே கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவதெல்லாம் இப்படித்தான். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் முனையை நிறுத்தத்தான் கம்பெனி மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. டியூனிங் செய்யாத வண்டியில் அதை மாற்ற நமக்கு ஒரு காரணமும் கிடையாது.

பிராண்டு மாற்றும்போது மட்டும் உஷார். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூட கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் தலைகீழ், எண் கூடக் கூட ஹாட். என்.ஜி.கே.யின் 6, டென்சோவில் 20. “இதுலயும் ஏழு, அதுலயும் ஏழு, ஒண்ணுதான் சார்” என்று கடைப் பையன் சொன்னால் தலையாட்டாதீர்கள். கம்பெனிகளே வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கேப். டர்போ வண்டிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். அழுத்தம் கூடின காற்றில் பொறி தாண்டுவது கடினம். டர்போ காற்றைத் திணித்து அனுப்புவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். அதே இடைவெளியைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் இன்னும் அதிக வோல்டேஜ் தர வேண்டியிருக்கும். அதனால்தான் டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0.7, 0.8 மி.மீ. என்று கேப்பைக் குறைத்து வைக்கிறார்கள்.

என் மச்சினன் வண்டி டர்போ. வெளியே ஒரு ஒர்க்ஷாப்பில் பிளக் மாற்றினான். ஊருக்குள் ஓட்டும்போது வெண்ணெய்தான். சேலத்திலிருந்து பெங்களூர் போகும் வழியில் தொப்பூர் ஏற்றத்தில் லாரியை ஓவர்டேக் பண்ண மிதித்தால் வண்டி குலுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. ஏற்றம் முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. காயில் போயிடுச்சு, மூணையும் மாத்தணும் என்று எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது பிளக்கைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். மரை சரி, நீளம் சரி, கேப் மட்டும் 1.1. டர்போ இல்லாத இன்ஜினுக்கான பிளக். சரியான நம்பரைப் போட்டதும் காயிலுக்கு வேலையே வரவில்லை.

செக் இன்ஜின் விளக்கு மினுக்கியது என்றேன் அல்லவா, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டு விட்டு மினுக்கினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், அதை உருக்கிவிடும். கன்வெர்ட்டர் விலையில் பல வருஷத்துக்கான பிளக் வாங்கலாம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக்கிலோ வேறெங்கோ. இந்தச் சின்ன சோதனையைச் செய்யாமல் காயில் விற்பவர்கள் நிறைய.

சி.என்.ஜி. வண்டிகளும் இதே கட்சிதான். பெட்ரோலைவிட வாயுவைப் பற்ற வைக்க அதிக வோல்டேஜ் தேவை, பிளக் சீக்கிரம் தேயும். அந்த வண்டிகளுக்கு மேனுவலில் போட்டிருக்கும் இடைவேளையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது எல்லோரும் காத்திருக்கும் உலோகம். ‘காப்பர் பிளக்’ என்று கடையில் சொல்வதில் செம்பு இருப்பது உள்ளே, சூட்டைக் கடத்துவதற்காக. பொறி அடிக்கும் முனை நிக்கல் கலவை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-ல், இரிடியம் 2446-ல். உருகுநிலை கூடியது தேயவும் மறுக்கும். இரிடியம் அவ்வளவு கெட்டி என்பதால் நடு முனையை ஊசிபோல் மெலிதாக்க முடிகிறது. சாதா பிளக்கில் நடு முனை 2.5 மி.மீ. தடிமன்; டென்சோ இரிடியம் பவரில் 0.4 மி.மீ. மெலிந்த முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி கிளம்பும், காயிலுக்குச் சுமை குறையும்.

தேய்மானம் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 40 கி.மீ. வேகத்தில் 40,000 கி.மீ. ஓட ஆயிரம் மணி நேரம். இன்ஜின் சராசரி 2000 ஆர்.பி.எம். என்றால் ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை பொறி அடிக்கும். மொத்தம் ஆறு கோடி பொறிகள். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளியூண்டு உலோகத்தைக் கொண்டு போகிறது. நிக்கல் முனையின் கூர்மை மழுங்கி, கேப் அகலமாகி, காலையில் ஸ்டார்ட்டிங் இழுக்க ஆரம்பிப்பது இதனால்தான். பொதுவாக நிக்கல் 20,000 முதல் 40,000 கி.மீ.; நல்ல இரட்டை முனை பிளாட்டினமோ இரிடியமோ 80,000, ஒரு லட்சம்கூட வரும்.

‘இரட்டை முனை’ என்று சொன்னதைக் கவனியுங்கள், விளம்பரம் இங்கேதான் நம்மைச் சுற்றிவிடுகிறது. ‘இரிடியம்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் பிளக் எல்லாம் ஒன்றல்ல. என்.ஜி.கே. லேசர் இரிடியத்தில் நடு முனை இரிடியம், எதிரே வளைந்து நிற்கும் தரை முனையிலும் பிளாட்டினம் பொட்டு வைத்திருக்கும். இரிடியம் ஐஎக்ஸ் என்று விலை குறைவாக வருவதில் நடு முனை மட்டும்தான் இரிடியம், தரை முனை நிக்கல். பொறி இரண்டு முனையையும் தின்னும். ஆகவே கம்பெனி லேசர் இரிடியம் போட்டிருக்கும் வண்டியில் ஐஎக்ஸ் போட்டுவிட்டு, “இரிடியம்தானே, லட்சம் கிலோமீட்டர் ஓடும்” என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வண்டி ஓடும், ஆனால் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரும்.

என் அபிப்பிராயம் இது. கம்பெனி நிக்கல் போட்டிருக்கும் சாதா பெட்ரோல் இன்ஜினில், பிளக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், நிக்கலையே போட்டு உரிய கிலோமீட்டரில் மாற்றிக்கொண்டே இருப்பது மலிவு. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் பிளக்கைத் தொட முடியும் என்கிற வண்டிகளில், உதாரணத்துக்கு குறுக்கே வைத்த வி6 இன்ஜின்களின் பின்வரிசையில், லேபர் செலவு பிளக் விலையைத் தாண்டிவிடும்; அங்கே நீண்ட ஆயுள் பிளக்தான் புத்திசாலித்தனம். கம்பெனி இரிடியம் போட்டிருந்தால் நிக்கலுக்கு இறங்கவே இறங்காதீர்கள், டர்போவில் கனவிலும் வேண்டாம்.

போலி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. பீங்கான் மேல் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருப்பது, மரையில் பிசிறு, வாஷர் கையோடு கழன்று வருவது, தரை முனை நடு முனைக்கு நேராக நிற்காமல் ஒருக்களித்திருப்பது, ஒரு செட்டுக்குள்ளேயே பிளக்குக்குப் பிளக் கேப் மாறுவது, இதெல்லாம் அடையாளம். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் பரம்பரையாகக் கடை நடத்தும் டீலர்கள் இருக்கிறார்கள். பில் போட்டுக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். மற்ற எல்லாரையும்விடப் பாதி விலைக்கு ஒருவர் மட்டும் இரிடியம் தருகிறார் என்றால் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுவதிலும் பழைய பழக்கங்கள் நம்மை விட்டுப் போகவில்லை. மைக்கோ பிளக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும், சேத்தக் ஸ்கூட்டர் நின்றுவிட்டால் ரோட்டோரத்தில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, மாட்டி உதைப்போம். அந்த மைக்கோ 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியேவிட்டது; உப்புத்தாள் மட்டும் சில ஒர்க்ஷாப்களில் இன்னும் இருக்கிறது. இரிடியம் முனையில் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ பட்டால் அந்த ஊசி முனையின் கதி அதோகதி. கேப் பார்க்கிறேன் என்று வட்டக் காசு மாதிரி கேஜை விட்டு நெம்புவதும் அப்படியே. கீழே விழுந்த பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும்.

இன்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். புதியதைக் கையால் முடுக்கி, கை நின்ற பிறகு ஸ்பேனர். 14 மி.மீ. மரை, வாஷர் வைத்த பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் டார்க், 12 மி.மீ.க்கு 15 முதல் 20 போதும். டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் புது வாஷர் என்றால் கை முடுக்குக்கு மேல் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. அலுமினிய ஹெட்டில் பலம் காட்டினால் மரை போய்விடும். மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ தடவாதீர்கள், வழுக்கலில் அளவுக்கு மேல் முடுக்கிவிடுவோம் என்பதால் என்.ஜி.கே.யே வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் எஸ்யூவியில் 2005 முதல் சில வருஷம் வந்த 5.4 லிட்டர் ட்ரைடன் இன்ஜின், பிளக் கழற்றுவதற்கே பேர்போனது. இரண்டு துண்டாகச் செய்த நீண்ட பிளக், கார்பன் இறுகிப் போய், கழற்றும்போது பாதி உள்ளேயே உடைந்து நிற்கும். அதை உருவ தனிக் கருவியே விற்பனைக்கு வந்தது. நம் வண்டிகள் அந்த அளவுக்குப் படுத்துவதில்லை.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போட விடாதீர்கள். எந்த சிலிண்டரில் எது இருந்தது என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் இன்ஜின் சுகம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறீர்கள். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. முனையில் ஆயில் இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல், பெரிய செலவு. மேலே பீங்கானைச் சுற்றியும் குழியிலும் மட்டும் ஆயில் இருந்தால் பயப்பட வேண்டாம், டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றினால் தீர்ந்தது. இன்னொன்று: இரும்பு உடம்புக்குச் சற்று மேலே பீங்கானில் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். “கம்ப்ரஷன் லீக் ஆகுது சார்” என்று அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உயர் வோல்டேஜில் காற்றிலுள்ள ஆயில் துகள் ஒட்டிய கறை அது, கொரோனா கறை என்று பெயர். ஒரு கெடுதலும் இல்லை.

சித்தப்பா பையன் மேனுவலைத் தேடி எடுத்து நம்பரைப் படமெடுத்து அனுப்பினான். சாதா 1.5 லிட்டர், கம்பெனியே நிக்கல்தான் போட்டிருக்கிறது, கழற்றுவதும் சுலபம். அதே நம்பரில் நாலு நிக்கல் வாங்கச் சொன்னேன். நீங்களும் அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடுவதற்கு முன் மேனுவலில் அந்த ஒரு வரியைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்ததும் பழைய பிளக்கையும் புதியதின் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் நம்பர் ஒத்துப்போனால் மட்டும் பில்லுக்குப் பணம் கட்டுங்கள்.